தேய்ந்த குழலுக்குப் புது அளவு

துப்பாக்கிக் குழலின் உள்துளையைப் பிரெஞ்சு மொழியில் 'ஆம்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஆன்மா என்று பொருள். எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கிய 'சொல்தா'க்கள் பலர் உண்டு. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கும் அந்தச் சொல் பழக்கம்தான். கட்டையும் பூட்டும் நன்றாக இருந்தும், உள்ளே இருக்கிற ஆன்மா தேய்ந்துவிட்டால் துப்பாக்கிக்குக் குறி தப்பிவிடும். அப்படித் தேய்ந்ததை அந்தக் காலத்தில் எப்படிச் சரிசெய்தார்கள் என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கொல்லுப்பட்டறைகள் வைத்தார்கள். லங்காஸ்டர் பகுதி இதற்குப் பேர்போனது. அங்கே உருவானதுதான் நீளக்குழல் ரைபிள். குழல் மட்டுமே 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும். நம் பக்கத்தில் நரிக்குறவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியைப் போலவே இதற்கும் வாய் வழியாகத்தான் மருந்தும் குண்டும் போட வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், நாட்டுத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். ரைபிளின் குழலில் ஏழெட்டுப் பள்ளங்கள் திருகுபோல மெல்லச் சுற்றிக்கொண்டு போகும். ஏறத்தாழ 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது அப்போது பரவலாக இருந்த கணக்கு.

குண்டை எண்ணெய் தடவிய துணித்துண்டில் பொதிந்து, கோலால் உள்ளே தள்ளுவார்கள். துணி பள்ளங்களைக் கவ்வும், குண்டும் அதோடு சேர்ந்து சுழலும். சுழன்று போகிற குண்டுதான் நேராகப் போகும். காட்டோரத்துக் குடும்பத்துக்கு அன்றாட இறைச்சி இந்தச் சுழற்சியை நம்பித்தான் இருந்தது.

இது ஏன் கெடுகிறது? அந்தக் காலத்துக் குழல் மெத்தென்ற தேனிரும்பு. கரிமருந்து எரிந்தால் விடுகிற கசடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அன்றைக்கே கழுவாவிட்டால் துருப் பிடித்துக் குழி விழும். கெட்டிக்கிற கோல் ஒவ்வொரு தடவையும் வாயோரத்தில் உரசுவதால் அந்த இடம் ஒரு பக்கமாகத் தேயும். குண்டு வெளியே வரும் கணத்தில் புகை ஒரு பக்கம் முந்திக்கொண்டு பீறினால், அது குண்டைக் கோணலாகத் தள்ளிவிடும்.

முதலில் சின்ன வைத்தியம் செய்து பார்ப்பார்கள். மெல்லிய துணிக்குப் பதில் கனத்த துணி போட்டால் கொஞ்சம் இறுக்கம் கிடைக்கும். வாயோரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஓரிரு அங்குலம் அறுத்துவிட்டு வாயைச் சீர்செய்வார்கள். இதற்கும் சரிவராவிட்டால் குழலைக் கொல்லரிடம் கொண்டு போக வேண்டியதுதான்.

அவர் செய்த வேலை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். குழலின் அடியில் இருக்கும் திருகை முதலில் கழற்றிவிடுவார். ஒரு மரக்கோலைக் குழலுக்குள் விட்டு, அதன் நுனியைச் சுற்றி உருக்கிய ஈயத்தை ஊற்றுவார். ஈயம் ஆறியதும் குழலின் பள்ளம் மேடு எல்லாம் அதில் அச்சாகப் பதிந்திருக்கும். அந்த ஈயக்கட்டியில் ரம்பப் பல் வைத்த சின்ன எஃகுத் துண்டு ஒன்றைப் பதிப்பார். எண்ணெய் விட்டுக் கோலைத் தள்ளித் தள்ளி இழுத்தால், ஈயம் பழைய பள்ளத்தின் வழியிலேயே சுற்றிக்கொண்டு போகும். எஃகுப் பல் அந்தப் பள்ளத்தை மட்டும் மயிரிழை ஆழப்படுத்தும். எல்லாப் பள்ளமும் ஒரு சுற்று முடிந்ததும், பல்லுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி அதைச் சற்று உயர்த்துவார். மறுபடியும் இழுப்பு. பள்ளங்கள் முடிந்த பிறகு மேடுகளையும் இதே விதமாகச் சீவுவார். புதுக் குழலுக்குத் திருகுப் பள்ளம் வெட்டத் தனியாக ஒரு பெரிய கருவி தேவை. பழைய குழலுக்கு அது தேவையில்லை. தன் சுற்று எது என்பதை அந்தக் குழலே காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தேய்ந்த இரும்பு திரும்பி வருவதில்லை. துளை முன்னைவிடப் பெரிதாகத்தான் ஆகிறது. அதனால் கொல்லர் அந்தத் துளைக்கு ஏற்றபடி ஒரு புதுக் குண்டு அச்சும் செய்து கொடுப்பார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ரைபிளுக்கும் அதற்கென்றே ஓர் அச்சு இருந்ததால் இது வழக்கமான காரியம்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. குமாஸ்தா புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 11 மில்லிமீட்டர் ஈயக்குண்டு ஏறத்தாழ 7.9 கிராம். 12 மில்லிமீட்டர் குண்டு 10.3 கிராமை ஒட்டி வரும். ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினால் எடை முப்பது சதவீதம் ஏறிவிடுகிறது. ஒரு கிலோ ஈயத்தில் 126 குண்டு வார்த்தவருக்கு இனி 97தான். மருந்தும் கூடுதலாகச் செலவாகும். இப்படிச் சில தடவை வெட்டிய பிறகு குழலின் சுவர் மெலிந்துவிடும். அதற்கு மேல் வெட்டுவது ஆபத்து. அப்படிப்பட்ட ரைபிள்கள் பல, பள்ளமே இல்லாமல் வழவழப்பாகக் கடையப்பட்டு, சில்லுக்குண்டு போடும் துப்பாக்கியாகக் கடைசிக் காலத்தைக் கழித்தன.

குழலுக்குக் குழல் தனி அச்சு என்பது வேட்டைக்காரருக்குச் சரி, ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் உள்ள பட்டாளத்துக்கு ஆகாது. அங்கே எல்லாருக்கும் ஒரே குண்டுதான். அதனால் பிரெஞ்சுக்காரர்கள் குண்டே குழலுக்கு ஏற்ப விரியட்டும் என்று யோசித்தார்கள். 1826-இல் தெல்வீஞ் என்பவர் குழலின் அடியில் ஒரு குறுகிய அறை வைத்தார். தளர்வாக இறங்கும் குண்டு அதன் விளிம்பில் தங்கும். கோலால் இடித்தால் நசுங்கிப் பள்ளத்தில் பதியும். 1849-இல் மினியே என்ற அதிகாரி, அடிப்பக்கம் குழிவான நீள்குண்டைச் செய்தார். மருந்து வெடிக்கும் வேகமே அதன் அடியை விரித்துவிடும், இடிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைபிள் இந்த விரியும் குண்டின் வழியில் வந்ததுதான். அதன் கொழுப்புத் தடவிய தோட்டா 1857-இல் நம் நாட்டில் கிளப்பிய புயல் எல்லாருக்கும் தெரியும். குண்டு விரிந்ததால், குழலில் சிறிதளவு தேய்மானம் இருந்தாலும் சமாளிக்க முடிந்தது.

இன்றைக்குப் பழைய துளைக்குள் புது எஃகுக் குழாயைச் செருகி, முதலில் இருந்த அளவுக்கே கொண்டுவர முடியும். சுடுவதற்கு வைத்திருப்பவருக்கு அது நல்ல வழி, தேர்ந்த கைவினைஞர் செய்தால். அரிதான பழம்பொருளுக்கு அதைச் செய்யக்கூடாது என்பது என் அபிப்பிராயம். காரணம் சொல்கிறேன். அருங்காட்சியகத்தில் ஒரு ரைபிளின் துளையை அளந்து 13 மில்லிமீட்டர் என்று எழுதினால், அது அந்தத் துப்பாக்கி பிறந்தபோது இருந்த அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அது கடைசியாக வெட்டியபோது நின்ற அளவாக இருக்கலாம். குழலின் நீளமும் அப்படியே.

நான் வேலை பார்த்த காலத்தில் பதிவேட்டில் பிழை இருந்தால் சுரண்டி அழிக்க விடமாட்டார்கள். ஒரு கோடு அடித்து, மேலே திருத்தி எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும். பழைய எண்ணும் தெரிய வேண்டும், புதிய எண்ணும் தெரிய வேண்டும். பழைய ரைபிளின் குழலும் அப்படிப்பட்ட பதிவேடுதான். அந்தக் குடும்பம் எத்தனை காலம் அதை நம்பி வாழ்ந்தது, புதிது வாங்காமல் எத்தனை முறை கொல்லரிடம் போனது என்பதெல்லாம் அந்தப் பெருத்த துளையில் இருக்கிறது. புதுக் குழாயைச் செருகினால் குறி சரியாகும். அந்தக் கணக்கை மட்டும் அதன் பிறகு யாரும் படிக்க முடியாது.