இமை ஏன் தொங்குகிறது, எப்போது ஓட வேண்டும்?

வீடியோ காலில் ஒரு கண் மட்டும் சின்னதாகத் தெரிகிறதா? தூக்கம் பத்தலன்னு விட்டுடாதீங்க. மேல் இமை இப்படிச் சரிவதை மருத்துவர்கள் 'டோசிஸ்' என்கிறார்கள். எவ்வளவு வேகமாகச் சரிந்தது என்பதுதான் முக்கியம்.

மெதுவாகச் சரிந்தால்: பெரும்பாலும் இமையைத் தூக்கும் தசையின் நாண் தளர்ந்திருக்கும். வயது ஒரு காரணம். பல ஆண்டுகள் கான்டாக்ட் லென்ஸ் அணிவதும் காரணமாகலாம். நாணை இறுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. 2020-ல் அமெரிக்கா அனுமதித்த ஆக்சிமெட்டாசோலின் கண் சொட்டு மருந்து சில மணி நேரமே இமையைத் தூக்கும். அதே பெயரில் உள்ள மூக்குச் சொட்டு மருந்தைக் கண்ணில் விடாதீங்க.

மாலையில் அதிகமானால்: மயஸ்தீனியா கிராவிஸாக இருக்கலாம். இதற்கு மாத்திரைகள் உண்டு.

திடீரெனச் சரிந்தால்: கடுமையான தலைவலி, இரட்டைப் பார்வை, இரு கண்மணிகளின் அளவில் வித்தியாசம், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்க. மூளை ரத்தக்குழாய் வீக்கமோ பக்கவாதமோ காரணமாகலாம். தரையில் படுத்து எழுந்தவருக்கு இமை சரிந்தால் பாம்புக்கடியையும் சந்தேகிக்கணும்; கட்டுவிரியன் கடித்த தடம் தெரியாமலே போகலாம்.

குழந்தைகளுக்கு இமை கண்மணியை மறைத்தால் பார்வை வளர்ச்சியே பாதிக்கும். வளர்ந்தா சரியாகிடும்னு காத்திருக்காதீங்க.

மருத்துவரிடம் போகும்போது பழைய போட்டோக்களை எடுத்துட்டுப் போங்க. மாற்றம் எப்போது தொடங்கியது என்பதை அவை காட்டும்.