கோவில்பட்டிப் பள்ளிகளும் வளைகோற்பந்தும்

கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களும் விளையாட்டைக் குறிக்கும் எனத் தொல்காப்பிய உரியியல் கூறும். கரிசற்காட்டில் இன்று பண்ணை என்றால் பெருநிலக்காரர் வேளாண்மையே நினைவுக்கு வரும், பழம்பொருள் வழக்கிழந்தது. ஆயினும் அந்நிலத்தின் நடுவணுள்ள கோவில்பட்டி, ஆக்கி என வழங்கும் வளைகோற்பந்தால் பெயர் பெற்றது. அவ்வாட்டத்தைப் பள்ளிகளில் நிலைபெறச் செய்யும் ஏற்பாடு யாது என்பதே நாம் ஈண்டு ஆராய்வது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணப் பள்ளிகளில் உடற்பயிற்சி பெரும்பாலும் 'டிரில்' என்ற அளவில் நின்றது. 1920-இல் ஆரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். ஆட்டம் கற்பிக்கவும் போட்டி நடத்தவும் பயின்ற ஆசிரியர் அதன்பின் பள்ளிகளுக்கு வரலாயினர். 1954-இல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்புத் தோன்றியது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என ஏறும் படிமுறை இன்று நாம் அறிந்ததே.

இப்படிமுறையின் குறை அதன் அடிப்படியிலேயே உளது. குழு ஆட்டங்கள் பெரும்பாலும் தோற்றோர் வெளியேறும் முறையில் நடைபெறுகின்றன. எட்டுப் பள்ளிகள் கலந்துகொண்டால் ஏழே ஆட்டங்களில் போட்டி முடியும். முதற்சுற்றிலேயே நான்கு பள்ளிகள் வீடு திரும்பும். ஒவ்வொரு பள்ளியும் ஏனைய எல்லாவற்றோடும் ஆடுவதாயின் 28 ஆட்டங்கள் வேண்டும். அதற்கு நாளும் செலவும் மிகுதி. சிக்கனம் கருதிய முறை, பயிற்சி மிக வேண்டிய எளிய பள்ளிக்கே ஆட்டத்தைக் குறைக்கிறது. இதனை நாம் சிறு குறையாகக் கருதவில்லை.

நிலமும் இவ்வாட்டத்திற்கு எளிதில் இசைவதன்று. கரிசல் மழையிற் குழையும். கோடையிற் பாளமாக வெடிக்கும். அத்தரையிற் பந்து நேரே உருளாது. செயற்கைப் புல்தரை இவ்விடரை நீக்கிற்று. எனினும் அத்தகு தரைக்கு ஆட்டத்தின் முன் நீர் தெளித்தல் வழக்கம். சீவலப்பேரியிலிருந்து தாமிரவருணி நீரைக் குழாய்வழிக் கொணர்ந்து பருகும் ஊர் இது என்பதையும் உடன் எண்ணுக.

இவ்விடர்களுக்கிடையே ஊரின் வலிமையாக நாம் காண்பது, 1992-இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஆக்கி விடுதியேயாம். உணவும் உறைவிடமும் பள்ளிப் படிப்பும் ஆண்டு முழுவதும் பயிற்சியும் அங்கு ஒன்றுகூடின. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டியால், பிற மாநில ஆட்டங்களை மாணவர் உள்ளூரிலேயே காணும் வாய்ப்பும் எய்திற்று. தேசிய இளையோர் வாகையர் போட்டி 2021 திசம்பரிலும் 2022 மேயிலும் இங்கு நடைபெற்றது. அதே மே மாதம் சகார்த்தாவில் தொடங்கிய ஆசியக் கோப்பைப் போட்டியில் கோவில்பட்டி மாரீசுவரனும், அரியலூரிற் பிறந்து இவ்விடுதியிற் பயின்ற கார்த்தியும் இந்திய அணியில் ஆடினர். பாக்கித்தானுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோலைக் கார்த்தி அடித்தார். அணி வெண்கலம் பெற்றது.

விடுதியில் இடம் சிலர்க்கே உண்டு. இடம் பெறாது தன் ஊர்ப் பள்ளியிலேயே கோல் பிடிக்கும் மாணவனுக்கு, குறுவட்டத்தில் ஆண்டிற்கு ஓர் ஆட்டமே உறுதி.