கண்டிக்கோட்டை

ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில், ஜம்மலமடுகுக்கு அருகே எர்ரமலைக் குன்றுகளைப் பென்னாறு அறுத்து உருவாக்கிய செம்பாறைப் பள்ளத்தாக்கு. ஆழம் ஏறத்தாழ 300 அடி. விளிம்பில் பெம்மசானி நாயக்கர்களின் கோட்டை. 1650-இல் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா அதைக் கைப்பற்றினார். உள்ளே மாதவராயர் கோயில், ஜும்மா மசூதி, தானியக் களஞ்சியம் உள்ளன.

கோட்டைக்குள் இருக்கும் ரங்கநாதர் கோயிலைத் தாண்டி, சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கியதுபோல் கிடக்கும் பாறைகளில் ஏறி இறங்கினால் விளிம்பு வரும். ஆறு வளையும் இடத்தை இங்கிருந்து பார்ப்பதே பயணத்தின் பலன். படமெடுக்கும் கூட்டமும் இங்கேதான். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனோடு ஒப்பிடுவது மிகை.

சென்னை தியாகராய நகரிலிருந்து திருப்பதி, கடப்பை வழியாகக் காரில் செல்லலாம். ரயிலில் போவோர் முத்தனூரில் இறங்கலாம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். விளிம்பில் பெரும்பாலும் தடுப்புக் கம்பி கிடையாது. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.