மடோன்னா

இத்தாலியச் சொல். 'மா' என்றால் 'என்'. 'தொன்னா' என்றால் 'சீமாட்டி'. தொன்னாவுக்கு மூலம், வீட்டுத் தலைவியைக் குறிக்கும் 'தொமினா' என்ற இலத்தீன் சொல். உயர்குலப் பெண்களை விளிக்க வழங்கிய இச்சொல் பின்னர் மரியாளுக்கு உரியதாகி, அவர் குழந்தை இயேசுவை ஏந்திய ஓவியங்களுக்கும் பெயராயிற்று. அவற்றுள் பெயர்பெற்றது, 1512ஆம் ஆண்டளவில் ரஃபேல் வரைந்த 'சிஸ்டைன் மடோன்னா': விலகிய பச்சைத் திரைக்கு நடுவே மேகத்தின்மேல் வெறுங்காலுடன் தாய், அடியில் இரண்டு சம்மனசுகள், ஒன்று மோவாயில் கைவைத்தபடி.

தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் 'மடோன்னா' என்ற சொல்லுக்கு நிகர் 'மாதா'. வடமொழியில் தாய் என்றே பொருள். தலைவி என்பதைவிட இது நெருக்கமான விளிதான். புளியங்குளம் முதலிய இலங்கை வன்னி ஊர்களில் மாதா என்றால் முதலில் நினைவுக்கு வருவது மடு மாதா. மடு என்பது ஆழமான நீர்நிலை; இங்கே ஊர்ப்பெயர். ஒல்லாந்தர் கெடுபிடிக்கு அஞ்சி 1670இல் மாந்தையிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்ட மடு மாதா ஓவியமன்று, சொரூபம். கையில் குழந்தை இருப்பது மட்டும் அந்த ஓவியங்களில் உள்ளவாறே. 1924இல் இதற்கு முடிசூட்டப்பட்டது. பெருவிழாக்கள் யூலை 2, ஓகஸ்ட் 15.