வேடப்புனைவு வரலாறு கற்பிக்கும் பாடங்கள்

நடிகனது தோற்றத்தை மாற்றும் வேடப்புனைவு, நாடகத்தின் புறத்தே நிற்கும் ஒரு துணைத்தொழில் என்றே பலரும் எண்ணுவர். பரதமுனிவரின் நாட்டிய சாத்திரமோ அபிநயத்தை ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம் என நான்காக வகுத்து, உடையையும் ஒப்பனையையும் ஆகாரியத்துள் அடக்கிற்று. ஒப்பனையும் நடிப்பின் ஒரு கூறே என்பது இதனாற் பெறப்படும். மேலைநாட்டு வேடப்புனைவாளர் தம் பட்டறிவினால் இவ்வுண்மையைக் கண்டடைந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

அவர்கள் கற்ற முதற் பாடம் உடல்நலம் பற்றியது. வேடமிடுதலைத் தமிழில் "அரிதாரம் பூசுதல்" என்பர். அரிதாரமென்பது ஆசனிக்கும் கந்தகமுஞ் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிப்பொருள், நஞ்சுடையது. ஐரோப்பிய அரங்குகளில் முகத்தை வெளுப்பிக்கப் பயன்பட்ட ஈயவெள்ளையும் நஞ்சே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய இசைநாடகப் பாடகரான லூட்விக் லைக்னர் ஈயங் கலவாத கொழுப்பு வண்ணங்களை ஆக்கி விற்றார். ஆயினும் இப்பாடம் முற்றக் கற்கப்பட்டிலது. 1939இல் வெளிவந்த "ஓஸ் மாயாவி" என்னும் படத்திலே தகரமனிதனாக நடிக்க முதலில் அமர்ந்தவர் பட்டி எப்சன். முகத்திற் பூசிய அலுமினியப் பொடியைச் சுவாசித்தமையால் 1938இல் அவர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். அவருக்குப் பின் அவ்வேடம் பூண்ட ஜாக் ஹேலிக்கு அப்பொருள் பசையாகக் குழைத்துப் பூசப்பட்டது.

இரண்டாவது பாடம் முகத்தின் இயக்கம் பற்றியது. அரங்கிற் சேய்மையிலிருந்து காண்போருக்கெனத் தடிப்பாகப் பூசிய வண்ணம், கமராவின் அண்மைப் பார்வையில் வெடித்த சுவர் போலத் தோன்றியது. ஆதலின் 1914இல் மக்ஸ் பாக்டர் திரைப்படத்துக்கென மென்மையான வண்ணக்குழம்பை ஆக்கினார். பேசாப்பட நடிகர் லொன் சேனி, செவிப்புலனற்ற பெற்றோருக்குப் பிறந்து, முகத்தாலும் கையாலும் கருத்துணர்த்த இளமையிலேயே பழகியவர். தமது வேடங்களைத் தாமே புனைந்த அவர், 1925இல் "ஒப்பேராவின் ஆவியுரு" என்னும் படத்தில் மண்டையோடு போன்ற முகத்துடன் தோன்றினார். அக்கோர முகத்திலும் உள்ளத்து வேதனை புலப்பட்டமையே அவரது வெற்றியாம்.

1931இல் "பிராங்கன்ஸ்டைன்" படத்துக்காக ஜாக் பியர்ஸ் என்பார் பஞ்சும் கொலோடியனுங் கொண்டு பொறிஸ் கார்லொவின் தலையை நாடோறும் ஏறத்தாழ நான்கு மணிநேரம் புதிதாக உருவாக்கினார். கார்லொவ் தமது செயற்கைப் பற்களைக் கழற்றி ஒரு கன்னத்தைக் குழிவித்தார். புனைவோனும் நடிகனும் கூடியே அவ்வுருவை ஆக்கினர் என்க. பின்னர் நுரை இறப்பர் வந்தது. முன்னரே வார்த்தெடுத்த உறுப்புக்களை விரைவில் ஒட்டலாயிற்று. ஆனால், ஒரே துண்டாய் அமைந்த மூடி முகத்தின் அசைவைத் தடுத்தது. டிக் ஸ்மித் என்பார் அதனைப் பல துண்டுகளாக்கி, ஒன்றன் விளிம்பின்மேல் மற்றொன்று படியுமாறு ஒட்டினார். இம்முறையால் முகத்தின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே அசைந்தது. 1973இல் வெளிவந்த "எக்சோசிஸ்ட்" படத்தில், நாற்பதுகளில் இருந்த மக்ஸ் வொன் சீடோவை முதியவராகவே மக்கள் நம்பினர்.

1968இல் "வானரக் கோள்" படத்துக்கு வேடம் புனைந்த ஜோன் சேம்பர்ஸ், முன்னர் மருத்துவமனையில் இருந்து போரிற் சிதைந்த வீரர்களுக்குச் செயற்கை உறுப்புக்கள் செய்தவர். சிதைந்த முகத்தை மனிதருக்கு மீட்டளிக்கப் பயின்ற கையே மனித முகத்தை வானர முகமாக்கியது.

மூன்றாவது பாடம் அறிவைப் பகிர்தல். தொழில்நுணுக்கங்களை மறைத்துக் காத்த துறையில், ஸ்மித் 1965இல் இளைஞருக்கெனக் கைந்நூல் எழுதினார். கேட்டு எழுதியோர்க்கெல்லாம் ஒளியாது விடையளித்தார். அங்ஙனம் பயன்பெற்ற ரிக் பேக்கர், வேடப்புனைவுக்கென 1981இல் நிலையாக நிறுவப்பட்ட ஒஸ்கார் பரிசை முதன்முதற் பெற்றார்.

நமது கல்லூரி மேடைகளில் வேடமிடும் மாணவரும், வேடமிட்டு விடும் ஆசிரியரும் இம்மூன்றையும் உளங்கொள்வாராக. பூசும் பொருள் யாதென முதலில் அறிதல் வேண்டும்; பூசியபின் முகம் அசைகின்றதாவென நோக்குதல் வேண்டும்; கற்றதை இளையோர்க்குக் கையளித்தல் வேண்டும்.