பாறைக்குப் போகலாமா?

கன்னியாகுமரிக்கு வருகிற நண்பர்கள், "அந்தப் பாறைக்காக ஒரு பகலைச் செலவிடலாமா?" என்று என்னைக் கேட்பதுண்டு. கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரந்தான். குமரியம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்ற ஸ்ரீபாதப் பாறை என்பது ஊர் வழக்கு. 1892 டிசம்பரில் விவேகானந்தர் அங்கே நீந்திப் போனாராம். படகுக்காரனுக்குக் கொடுக்கக் காசில்லை என்பார்கள்! அவருக்கு அங்கே தனிமை கிடைத்தது. நமக்குக் கிடைக்காது. 1970-இல் மண்டபம் எழுந்தது. 2000-இல் பக்கத்துப் பாறையில் 133 அடி வள்ளுவர் நின்றார். கடல் தாழ்ந்தால் அவரிடம் படகு அணையாது. 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனாலும் போகத்தான் வேண்டும் என்பேன். பாறையில் நின்று கரையைத் திரும்பிப் பாருங்கள்: அம்மன் கோயில், மாதா கோயில், தெளிந்த வானமானால் பின்னால் மருந்துவாழ் மலை. ஒரு பகல் எதற்கு? முதல் படகில் போனால் காலைப் பொழுதே போதும்.