டாக்கா நகரத்து ஆங்கில வாசகங்கள்

ரவீந்திரநாத தாகூர் தம் பால்ய காலத்தை நினைவுகூர்ந்து எழுதியபொழுது, பகலெல்லாம் படித்துக் களைத்துத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் மாலை வேளையில் விளக்கின் முன்னே ஆங்கிலம் கற்பிக்க வந்த உபாத்தியாயரைப் பற்றியும், அவர் திறந்து வைத்த கறுத்த, கனத்த அட்டைப் புத்தகத்தைப் பற்றியும் மனத்தாங்கலோடு குறிப்பிடுகிறார். ஒவ்வொரு பாடத்தின் தலைவாசலிலும் கடினமான சொற்கள் அசை அசையாகப் பிரிக்கப்பட்டு, உச்சரிப்புக் குறிகளை ஆயுதம்போல் ஏந்திக்கொண்டு, உள்ளே நுழைய வந்த குழந்தையை வழிமறித்து நின்றன என்பது அவருடைய முறையீடு. பிற்காலத்தில் மகாகவியாக விளங்கப்போகிற ஒரு சிறுவனுக்கே அந்த வாசல் எளிதில் திறக்கவில்லையென்றால், மற்றக் குழந்தைகள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. அந்த வாசலைத் திறப்பதற்காக அதே வங்காளத்தில் முக்கால் நூற்றாண்டுக் காலம் நடந்த பிரயாசையின் சரித்திரம், நம் தேசத்தில் ஆங்கிலம் கற்ற ஒவ்வொருவருடைய கல்வியோடும் சம்பந்தமுடையது. ஆயினும் கற்றவர்களுள் அதை அறிந்தவர் மிகச் சிலரே.

கல்கத்தாவில் 1817ஆம் ஆண்டிலும் சென்னையில் 1820ஆம் ஆண்டிலும் பாடப் புத்தகச் சங்கங்கள் தோன்றின. 1835இல் மெக்காலேயின் யோசனையை ஏற்றுப் பெண்டிங் பிரபு ஆங்கிலக் கல்விக்கே சர்க்கார் பணத்தைச் செலவிடுவதென்று தீர்மானித்த பிறகு, பள்ளிக்கூடங்கள் பெருகின. ஆனால் அவற்றில் வைத்துப் படிப்பதற்கு உரிய புத்தகங்கள் நம் குழந்தைகளுக்காக எழுதப்பட்டவை அல்ல. இங்கிலாந்தில் அக்காலத்தில் பெரும் புகழ்பெற்றிருந்த லிண்ட்லி மரேயின் வாசகம் என்னும் வாசிப்புப் புத்தகம் 1799இல் வெளிவந்தது. அமெரிக்காவில் பிறந்து யார்க் நகரில் குடியேறிய அந்தப் பெரியவர், உத்தம ஆசிரியர்களின் வசனத்திலிருந்தும் கவிதையிலிருந்தும் தர்ம சிந்தனை நிறைந்த சிறு பகுதிகளைத் தேர்ந்தெடுத்துக் கோத்திருந்தார். நோக்கம் மேலானதே. எனினும், ஆங்கிலேயக் குழந்தை பள்ளிக்கு வரும்பொழுதே பாஷையைத் தாய்மடியில் கற்றுக்கொண்டு வருகிறது. அதற்கு வேண்டுவது எழுத்தறிவும் இலக்கியச் சுவையுமே. நம் குழந்தைக்கோ எழுத்து, சொல், பொருள், வாக்கியம் ஆகிய நான்கும் ஒருங்கே புதியவை. முன்னவனுக்கு இனிக்கும் பாடம் பின்னவனுக்குக் கல்லாக இருப்பதில் வியப்பென்ன?

இதைக் கண்ணாரக் கண்டு முதலில் பரிகாரம் தேடியவர்களுள் பியாரி சரண் சர்க்கார் முக்கியமானவர். கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள பாராசாத் பள்ளியில் தலைமை உபாத்தியாயராக இருந்த அவர், 1850ஆம் ஆண்டை ஒட்டி, நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்று பெயரிலேயே சொல்லி, ஆங்கில முதல் வாசகத்தைப் பிரசுரித்தார். அடுத்தடுத்த புத்தகங்களும் தொடர்ந்து வந்தன; வங்காளத்தில் ஆங்கிலம் கற்ற பல தலைமுறைகள் அவற்றின் வழியாகவே முதலடி வைத்தன. தாகூரும் அவற்றை முடித்துவிட்டுத்தான் மேலே சொன்ன கறுப்பு அட்டைப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தார். பியாரி சரணின் நண்பராகிய ஈசுவர சந்திர வித்யாசாகர் 1855இல் வங்காள எழுத்துக்களைக் கற்பிக்க வர்ணபரிசயம் என்ற நூலை வெளியிட்டதையும் சேர்த்து நினைத்தால், அந்தச் சில ஆண்டுகளில் ஒரு மாகாணத்துக் குழந்தைகளின் இரண்டு பாஷைகளுக்கும் இரண்டு நண்பர்கள் அடிக்கல் நாட்டினார்கள் என்று சொல்லலாம். ஊராரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல் பாராசாத்தில் 1847இல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் அமைத்தவர்களுள் பியாரி சரணும் ஒருவர் என்பதையும் இவ்விடத்தில் மறவாமல் சொல்லவேண்டும்; அப்படிப்பட்ட நெஞ்சிலிருந்து பிறந்த புத்தகங்கள் அவை.

ஆனால் அக்காலத்து வாசகங்கள் யாவும் பொதுவாக ஒரு கிரமத்தையே பின்பற்றின: எழுத்துக்கூட்டு எளியதாயுள்ள சொல் முதலில் வரும், நீண்ட சொல் பிறகு வரும். சொல் சிறியதாயிருப்பதனாலேயே அது அடிக்கடி வழங்குவதாகிவிடாது என்பதையும், ஒருமுறை கண்ட சொல் மறுபடியும் மறுபடியும் எதிர்ப்பட்டாலன்றி மனத்தில் நிற்காது என்பதையும் கணக்கிட்டு எழுதும் வழக்கம் இன்னும் ஏற்படவில்லை. இதற்கிடையில் 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று சர்வகலாசாலைகளும் ஸ்தாபிக்கப்பட்டன. பரீட்சை என்ற ஒன்று எல்லாவற்றிற்கும் மேலே ஏறி உட்கார்ந்தது. பாடத்தைப் படிப்பதைவிடப் பாடத்துக்கு எழுதிய உரையை நெட்டுருச் செய்வதே பிரதானமாயிற்று.

இந்த நிலையில் 1912ஆம் ஆண்டில் இந்தியக் கல்விச் சேவையில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்தவர் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர். டாக்காவில் உபாத்தியாயர்களைப் பயிற்றும் கலாசாலையின் தலைவராக அமர்ந்த அவர், ஆற்று வெள்ளமும் நெல்வயலும் சூழ்ந்த அந்தப் பிரதேசத்துப் பள்ளிகளுக்குள் நுழைந்து பார்த்தபொழுது, தேர்ச்சி பெற்று மேலே சென்றவர்களைக் கணக்கிடுவதோடு நின்றுவிடவில்லை. இடையிலே நின்றுபோனவர்களைக் கணக்கிட்டார். இந்த ஒரு காரியத்தினாலேயே அவர் என் வணக்கத்துக்கு உரியவராகிறார். பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் கடைசி வகுப்புவரை வருவதில்லை. வறுமை, வயல்வேலை, தந்தையின் மரணம், தூரம் ஆகிய ஏதோ ஒன்று அவர்களை நடுவிலே இறக்கிவிடுகிறது. ஆங்கிலப் படிப்போ, முழுவதும் முடித்தவனுக்கே பயன்படும்படி அமைந்திருந்தது. ஆயுள் இன்ஷூரன்ஸ் செய்துகொண்டவன் நடுவிலே பணம் கட்டுவதை நிறுத்திவிட்டாலும், கட்டிய வரைக்கும் ஏதோ ஒரு சரண்டர் தொகை அவன் கைக்கு வந்து சேர்கிறதே, மூன்று ஆண்டு ஆங்கிலம் படித்துவிட்டு நின்றவன் கைக்கு என்ன வந்து சேர்கிறது என்று அவர் கேட்டார். வருவது ஒன்றுமில்லை என்பதே உண்மை. பேசவும் வராது, எழுதவும் வராது, ஒரு சிறு புத்தகத்தை எடுத்துத் தானே படிக்கவும் வராது.

பேசுதல், எழுதுதல், படித்தல் ஆகியவற்றுள், குறைந்த காலத்தில் கைவரக்கூடியதும், விட்டுவிட்ட பிறகும் தானே வளர்த்துக்கொள்ளக்கூடியதும் படித்தலே என்பது வெஸ்டின் துணிபு. கிராமத்துக்குத் திரும்பிவிட்ட பையனுக்கு ஆங்கிலத்தில் உரையாட ஆள் கிடைக்கமாட்டான். ஆனால் ஒரு புத்தகம் கிடைக்கலாம். ஆகையால் படித்தலையே முன்னே வைத்து, தாய்மொழியின் துணையை விலக்காமல், முதலாண்டிலேயே ஒருவனைத் தானாகப் படிக்கச் செய்ய முடியுமா என்று அவர் பள்ளிகளில் பரீட்சித்துப் பார்த்தார். அந்த ஆராய்ச்சிகளின் பலனாக, இருமொழி நிலையைப் பற்றி வங்காளத்தைச் சிறப்பாக வைத்து அவர் எழுதிய விரிவான நூல் 1926இல் வெளிவந்தது. அதே காலத்தில் லாங்மன்ஸ் கம்பெனியார் பிரசுரிக்கத் தொடங்கியவையே நியூ மெதட் ரீடர்கள் என்ற புது முறை வாசகங்கள்.

இவற்றின் அமைப்பைச் சற்றே கிட்ட நின்று பார்ப்போம். நூறு சொற்கள் கொண்ட ஒரு பாடத்தில் பதினைந்து சொற்கள் தெரியாதவையாக இருந்தால், மாணவன் படிப்பதில்லை, தோண்டுகிறான். ஓரத்தில் பென்சிலால் பொருள் எழுதி, வாக்கியத்தின் தலையை முடிப்பதற்குள் வாலை மறந்து, பாடம் சொல்லவந்த செய்தி யாதென்று அவன் அறியுமுன்பே மணி அடித்துவிடுகிறது. வெஸ்ட் இரண்டு காரியங்களைச் செய்தார். முதலாவது, சொற்களைத் தேர்ந்தெடுத்தார். அமெரிக்க உளநூல் அறிஞராகிய தார்ண்டைக், ஆங்கிலத்தில் எந்தச் சொல் எத்தனை முறை வழங்குகிறது என்று எண்ணிப் பதினாயிரம் சொற்களின் பட்டியலை 1921இல் வெளியிட்டிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, கவிதையிலும் பழைய ஏட்டிலும் மட்டுமே உயிர்வாழும் சொற்களைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் அன்றாடம் வழங்கும் சொற்களை அமர்த்தினார். இரண்டாவது, அந்தச் சொற்களைப் பரப்பினார். ஒரு புதுச்சொல் வந்தால், அடுத்த புதுச்சொல் வருவதற்குமுன் தெரிந்த சொற்களாலான நெடிய வழி ஒன்று இருக்கும். வந்த சொல்லும் அந்தப் பத்தியிலே மறுபடியும், அடுத்த பத்தியிலே மறுபடியும், சில பக்கங்கள் தாண்டி வேறு ஒரு சூழ்நிலையிலே மறுபடியும் எதிர்ப்படும். மாணவன் அதைப் பாராமல் படித்துக்கொண்டே போவான். சொல் அவனுக்குச் சொந்தமாகிவிடும். படிக்கத் தொடங்குமுன்பே கேள்விகளைக் கொடுத்துவிடுவதும் அவருடைய வழக்கம். விடையைத் தேடிக்கொண்டு படிக்கிறவன் சொல்லுக்குச் சொல் நிற்கமாட்டான் என்பது கண்ட உண்மை.

இப்படிச் சொற்களை எண்ணி எழுதினால் இலக்கியம் என்னாவது என்று ஆட்சேபித்தவர்கள் உண்டு. அது புறக்கணிக்கத்தக்க ஆட்சேபம் அன்று. டீஃபோ 1719இல் எழுதிய ராபின்சன் குரூஸோ கதையையும் புது முறை வாசகங்களின் துணைப் புத்தகமாக எளிய நடையில் எழுதி வெளியிட்டார்கள். மூலத்தின் நடையழகு அதில் இராதுதான். ஆனால், ஆளற்ற தீவில் பல ஆண்டு தனித்து வாழ்ந்த மனிதன், ஒருநாள் கடற்கரை மணலில் ஒற்றைக் காலடித் தடத்தைக் கண்டு திடுக்கிட்டு நிற்கிறானே, அந்தத் திகிலை ஒரு சிறுவனுக்கு உணர்த்த எந்த அருஞ்சொல் வேண்டும்? கடல், மணல், கால், மனிதன், பயம் ஆகிய சொற்கள் போதும். டாக்காப் பக்கத்துப் பையன் ஒருவன், அன்னிய பாஷையில் அச்சிட்ட பக்கத்தை வைத்துக்கொண்டு, யார் துணையுமின்றி, அடுத்து என்ன ஆகுமோ என்று நெஞ்சு படபடக்கத் தாள் திருப்பினான் என்றால், அது அதற்குமுன் நூறாண்டு நடந்த ஆங்கிலக் கல்வியில் எளிதில் காணக் கிடைக்காத ஒரு சம்பவம். இலக்கியத்தின் முழுச்சுவைக்கு அவன் பிறகு வரட்டும்.

விசேஷம் என்னவென்றால், இந்தக் கலை லண்டனில் பிறக்கவில்லை. வெஸ்ட் டாக்காவில் இருந்தபொழுதே, ஹெரால்ட் பாமர் டோக்கியோவிலும், லாரன்ஸ் ஃபாஸெட் சீனத்திலும் இதே பிரச்சினையோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தை அயலானுக்கு எப்படிக் கற்பிப்பது என்ற வித்தை, அயலான் வாழும் ஆசிய நகரங்களில், அவனுடைய இடர்ப்பாட்டைக் கண்டவர்களால் உருவாக்கப்பட்டது. 1934இல் கார்னகி ஸ்தாபனத்தின் ஆதரவில் நியூயார்க்கில் கூடிய மாநாட்டில் இம்மூவரும் தார்ண்டைக்கோடு அமர்ந்து, முதலில் கற்கவேண்டிய சொற்கள் யாவை என்று விவாதித்தார்கள். அறிக்கை 1936இல் வெளிவந்தது. மறு வழியாக, ஸி. கே. ஆக்டன் 850 சொற்களைக் கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று 1930இல் ஒரு திட்டம் வகுத்தார். வெஸ்ட் அதைக் கடுமையாக எதிர்த்தார். மேலும் மேலும் ஏறிச்செல்லத்தக்க படிகளை விரும்பியவருக்கு, எல்லை கட்டிய பாஷை உவப்பாகாது. 1935இல் எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து அவர் தொகுத்த அகராதி 24,000 பதங்களுக்கும் தொடர்களுக்கும் 1,490 சொற்களைக்கொண்டே பொருள் கூறியது. அகராதியைப் பார்ப்பதற்கு இன்னொரு அகராதி வேண்டியிருந்த அவலம் அதனால் நீங்கிற்று. சுமார் 2,000 சொற்களை, ஒவ்வொன்றின் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு வழங்குகிறது என்ற கணக்கோடு பதிப்பித்த அவருடைய பட்டியல் 1953இல் வந்தது. சொல் எண்ணி எழுதப்பட்டு உலகமெங்கும் பரவிய எளிய நடைக் கதைப் புத்தகங்களுக்கு அதுவே நெடுங்காலம் ஆதாரமாயிற்று.

நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்தச் சரித்திரத்தின் நிழல் ‘நான்-டீடெயில்’ என்ற பெயரில் விழுந்தது. சொல்லுக்குச் சொல் ஆராய்ந்து படிக்கவேண்டிய பாடப் புத்தகம் ஒன்று. கதைக்காகவும் செய்திக்காகவும் தானே வேகமாகப் படித்துப்போக வேண்டிய மெல்லிய புத்தகம் மற்றொன்று. பின்னதைப் பையன்கள் காதலித்தார்கள். மழைக்காடு, பனிக்கடல், பெரியோர் சரிதம், தூரதேசத்துப் பழக்கவழக்கம் எல்லாம் அதில்தான் இருந்தன. ஆனால் பல வகுப்புகளில் அதையும் உபாத்தியாயர் வரிவரியாக வாசித்துத் தமிழில் பொருள் சொல்லி, கதைச் சுருக்கத்தை எழுதிப்போட்டு, பரீட்சைக்கு மனப்பாடம் செய்யச் சொன்னார். தானே படிப்பதற்காக ஏற்பட்ட புத்தகம் தானே படிக்கப்படாமலே முடிந்தது. இதை நினைக்கும்தோறும் மனம் வருந்துகிறது.

உபாத்தியாயரைக் குறைகூறுவது நியாயமன்று; அவருக்கும் யாரும் வேறு வழி காட்டவில்லை. சென்னை ராஜ்யத்தில் 1959ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் கவுன்சிலின் உதவியோடு, 27,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களை ஆங்கிலம் கற்பிக்கும் புது முறையில் பயிற்றும் பெருமுயற்சி தொடங்கியது. சிலரைப் பயிற்றி, அவர்களைக்கொண்டு பலரைப் பயிற்றி, அந்தப் பலர் ஊரூராகச் சென்று மற்றவர்களைப் பயிற்றும் திட்டம் அது. அதில் வாசகத்தைவிட வாய்மொழிப் பயிற்சிக்கும் வாக்கிய அமைப்புகளுக்குமே முதன்மை. வெஸ்ட் வற்புறுத்திய வரிசை தலைகீழாயிற்று. குழந்தை முதலில் காதால் கேட்டு வாயால் சொல்லவேண்டும் என்ற கொள்கையிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வாய்மொழிப் பாடம் நன்கு நடக்க உபாத்தியாயரின் ஆங்கிலம் நன்றாயிருக்க வேண்டும். அது எல்லா ஊரிலும் கிடைக்கும் பொருள் அன்று.

அடுத்த ஆண்டிலே, 1960இல், முதுமையடைந்திருந்த வெஸ்ட், இடர்மிக்க சூழ்நிலைகளில் ஆங்கிலம் கற்பிப்பது குறித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். நாற்பது ஐம்பது பிள்ளைகள் பெஞ்சுகளில் நெருங்கி உட்கார்ந்திருக்கும் வெப்ப நாட்டு வகுப்பையும், தாமே ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசவியலாத ஆசிரியரையும் மனத்தில் வைத்து எழுதிய நூல் அது. அதில் அவர் ஒரு எளிய முறையைச் சொல்கிறார். மாணவன் புத்தகத்தை இடக்கையில் மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு தொடரைக் கண்ணால் படித்து, தலையை நிமிர்த்தி, எதிரிலுள்ள தோழனின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவேண்டும், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லக்கூடாது. கண்ணிலிருந்து நேரே வாய்க்குப் போகாமல், சொல் நெஞ்சில் ஒரு கணம் தங்கிச் செல்ல இது வழி செய்கிறது. பிள்ளைகள் இருவர் இருவராக ஒரே சமயத்தில் பேசலாம். உபாத்தியாயரின் ஆங்கிலம் குறைபாடுடையதாயிருந்தாலும், அவர்கள் வாயில் வருவது பாடத்தின் ஆங்கிலமே. செலவோ, ஆளுக்கு ஒரு வாசகப் புத்தகம்.